கிராப் வெட்டிய கீரை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். என் முழங்கால் வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மற்றபடி குறையில்லை. நீ சுகமா என்று கடிதத்தில் எல்லாரும் கேட்பதுதான், சுகம் என்று பதில் எழுதுவதும் வழக்கம்தான், ஆனால் நான் இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், அதனால் அவசரப்பட்டு சுகம் என்று சொல்லிவிடாதே. போனில் பேசாமல் இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு கேள்வி கேட்டால் சிக்னல் சரியில்லை என்கிறாய், இன்னொன்று கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்கிறாய். காகிதத்துக்குச் சிக்னல் போகாது. இந்த மாதம் நான் இரண்டு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன் கண்ணு, ஒன்று நம் தோட்டத்தில், இன்னொன்று உன் வீட்டில். தோட்டத்தை முதலில் சொல்கிறேன், அதன் வழியாகத்தான் மற்றது வந்தது.

நீ போன தடவை வந்தபோது கொண்டுவந்தாயே பாக் சோய் என்கிற சீனக் கீரை விதை, ஒரு பாக்கெட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் விதைத்து யாருடையது முதலில் சட்டிக்கு வருகிறது பார்ப்போம் என்று பந்தயம் போட்டோமே, அது இங்கே நன்றாகவே வந்தது. பெயரைக் கேட்டு யாரோ தும்முகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன், ஆனால் முளைத்த வேகத்தைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டது. உடனே வண்டும் வந்துவிட்டது, மிளகைவிடச் சின்னது, கறுப்பு, கையைக் கொண்டுபோனால் துள்ளி ஓடிவிடும், இலையெல்லாம் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை. அப்புறம் பழைய கொசுவலையை வெட்டிக் குச்சி நட்டு மூடினேன், ஓரத்தையெல்லாம் மண்ணுக்குள் சொருகினேன், அதோடு வண்டு ஒழிந்தது. மத்தியான வெயில் பட்டால் இந்தச் செடி பயந்துபோய்ச் சின்ன வயதிலேயே பூத்துவிடும் என்று சொன்னாய் அல்லவா, அதற்காக அப்பா கடையில் முடி வெட்ட வருகிறவர்கள் கழுத்தில் கட்டுகிற அந்த நீலத் துணி இரண்டை எடுத்துக் கொடியிலிருந்து நிழலுக்குத் தொங்கவிட்டேன். அப்பா கடையை மூடிவிட்டாலும் அந்தத் துணிகளைத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தார், கேட்டதும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், அவர் எதையும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவரா.

அடித்தண்டு வெள்ளையாகக் கொழுகொழுவென்று கரண்டி மாதிரி வளைந்து, மேலே கரும்பச்சை இலை விரிந்து, பார்க்கவே ஆசையாக இருந்தது. வெளி இலையை மட்டும் கிள்ளி எடுத்தால் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும் என்று சொன்னாயே, அந்த முதல் கிள்ளலுக்கு நான் காத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் காலை பார்த்தால், எனக்கு முன்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வெளி இலைகளின் நுனி காணோம். முதலில் நத்தை என்று நினைத்தேன். நத்தை தின்றால் நசநசவென்று பளபளப்புக் கோடு இருக்கும், இல்லை. அப்புறம் எதிர்வீட்டு லாரி டிரைவர் வளர்க்கிறாரே முயல், அதன்மேல் கண் போனது. அது அடிக்கடி கூண்டிலிருந்து வெளியே வந்துவிடும், முழிப்பதும் திருட்டு முழி. ஆனால் எந்த முயலும் வலையைத் தூக்கிக் கீரையைத் தின்றுவிட்டு மறுபடி ஓரத்தை மண்ணுக்குள் சொருகிவிட்டுப் போகாது. இலையில் இருந்ததும் பல் வெட்டு இல்லை, சாய்வாக, சுத்தமாக, கத்தரியால் வெட்டின வெட்டு.

கத்தரி என்றதும் எனக்கு யார்மேல் நினைப்புப் போகும், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா மேல்தான். பின்பக்கச் சந்துக்கு அவங்க கதவும் திறக்கும், நம் கதவும் திறக்கும். போன வாரம்தான் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து என்ன செழிப்பு என்ன செழிப்பு என்று வாயாரப் புகழ்ந்தாங்க. ஒருத்தர் ஒரு பொருளை அளவுக்கு மேல் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், கார்மென்ட்ஸ் கம்பெனி வாசலில் அத்தனை வருஷம் பை சோதித்தவளுக்கு வேறு எப்படி இருக்கும். நேராகப் போய் நின்று, அக்கா, ஏதாவது இருக்கா என்று கேட்டேன். கம்பெனி வாசலில் கேட்ட அதே குரல் தானாக வந்துவிட்டது. அவங்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துபோய், உன் கீரையைத் தின்றுதான் நான் உயிர் வாழணுமா, வேணும்னா ஒரு வண்டி கீரை வாங்கி உன் வாசல்ல கொட்டுறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாங்க. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தைக்கக் கொடுத்த துணியும் பாதித் தையலோடு அங்கேயே மாட்டிக்கொண்டது.

இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். அவரும் உச்சுக்கொட்டிக் கேட்டார். நத்தையாகத்தான் இருக்கும் என்றார். நத்தை கத்தரி வைத்திருக்குமா என்றேன். காலம் கெட்டுக் கிடக்கு என்றார். அந்த மனுஷன் வாய் கூசாமல் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதற்கு நடுவில் நீ அனுப்புகிற போட்டோ. ஆரம்பத்தில் உன் தொட்டிச் செடியைப் பார்த்து எனக்குப் பொறாமை, என்னுடையதைவிடக் குட்டையாக, தண்டு பருத்து, ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்து அவ்வளவு லட்சணமாக இருந்தது. அப்புறம் இரண்டு வாரம் போட்டோவே வரவில்லை. அதன்பின் வந்ததில் செடி வேறு மாதிரி இருந்தது. தண்டு நீண்டு, வெளிறி, கழுத்தை நீட்டி வெளிச்சத்தைத் தேடுகிற மாதிரி, அதுவும் பழைய பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் மேலே பார்த்துச் சாய்ந்திருந்தது. வெயில் பத்தவில்லை, ஜன்னலோரம் வை என்றேன். இங்கே ஒரே மேகமாக இருக்கிறதம்மா என்றாய். சரி, மேகம். பின்னால் இருந்த வெள்ளை டைல்ஸ் எங்கே, பச்சைச் சுவர் தெரிகிறதே என்றேன். பெயின்ட் அடித்தோம் என்றாய். டைல்ஸ் மேலா பெயின்ட் அடித்தீர்கள், அதுவும் அடித்த கையோடு மூலையில் ஈரம் பூத்துக் கறை படிந்துவிட்டதா. கேட்க வாயெடுத்தேன், சிக்னல் போய்விட்டது. மாப்பிள்ளை எங்கே என்றால் குளித்துக்கொண்டிருக்கிறார். காலையில் கேட்டாலும் குளிக்கிறார், சாயங்காலம் கேட்டாலும் குளிக்கிறார். ஒரு மனிதன் இவ்வளவு குளித்தால் தோல் உரிந்துவிடாதா. எனக்கே காது குத்துகிறாயே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், ஆனால் தோட்டத்துத் திருட்டு மும்முரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் கால்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து கிட்டே கிட்டே பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் தெரியாதது அன்றைக்குத் தள்ளி உட்கார்ந்ததும் தெரிந்தது. செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக நீளம் விட்டு, முன்பக்கம் மட்டும் லேசாகத் தூக்கி. கண்ணு, சத்தியமாகச் சொல்கிறேன், வரிசையாக உட்கார்ந்து கிராப் வெட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உன் அப்பா ஊரில் பாதிப் பேருக்கு வெட்டிவிட்ட அதே கிராப். கீழே பார்த்தேன், மண்ணில் ஒரு துண்டு இலை சிந்தவில்லை, கூட்டிச் சுத்தமாக இருந்தது. வெட்டிவிட்டு விழுந்ததைப் பெருக்கிவிட்டுப் போகிற திருடனை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. உரக்குழித் தகரத்தைத் திறந்து கிளறினால் காய்கறித் தோலுக்கு அடியில் அத்தனையும் கிடக்கிறது.

சரி, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, எதற்காக என்றுதான் தெரியவில்லை. அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், வாயும் கத்தரியும் அவருக்கு ஒன்றாகத்தான் ஓடும். கடையில் பேசிக்கொண்டே வெட்டி வெட்டி, இப்போது கையில் கத்தரி இல்லாமல் அவருக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. சட்டைப் பையில் இன்னும் அதை வைத்துக்கொண்டுதான் அலைகிறார், டிவி செய்தியோடு சண்டை போடும்போதுகூட வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார். அப்படியென்றால் தோட்டத்தில் நின்று யாருடனோ பேசியிருக்கிறார், பேச்சு நீளமாக இருந்திருக்கிறது, கை பக்கத்தில் கிடைத்ததை வெட்டியிருக்கிறது. யாரோடு பேச்சு, அதுவும் எனக்குத் தெரியாமல். இந்த வயதில் உன் அப்பாமேல் எனக்கு என்னென்ன சந்தேகம் வந்தது என்பதை உனக்கு எழுத முடியாது.

நான் வீட்டில் இல்லாத நேரம் என்று பார்த்தால் நான் எங்கேயும் போவதில்லை. கண்ணை எடுக்கிற ஒரே நேரம் காலையில் குளிக்கிற நேரம்தான். மறுநாள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன், வாளிக்குள் குழாயைத் திறந்துவிட்டேன், ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன். பிறகு சத்தமில்லாமல் தாழைத் திறந்து, தண்ணீர் கொட்டட்டும் என்று விட்டுவிட்டு, கொடியில் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலையைத் தூக்கி, குனிந்து, ஒரு செடிக்குக் காதோரம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் அவர் பேசுவது காதில் விழுந்தது. அந்த ரூமுக்கு வெயிலே வராதா கண்ணு என்று கேட்டார். கதவுத் தாழ்ப்பாள் கெட்டியா இருக்கா, ராத்திரி தனியா பயமா இல்லையே என்று கேட்டார். அம்மாகிட்ட நான் சொல்லல, நீயா சொல்ற வரைக்கும் சொல்ல மாட்டேன், நீ சாப்பிடு முதல்ல என்றார். அதோடு அவருக்குக் குரல் உடைந்துவிட்டது, ஆனால் கத்தரி மட்டும் நிற்கவில்லை.

நான் சிரித்துக்கொண்டிருந்த வாயை அப்படியே பொத்திக்கொண்டு நின்றேன். பாத்ரூமில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும் போலிருக்கிறது, திரும்பினார், போர்வைக்குக் கீழே என் காலைப் பார்த்துவிட்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டு ராங் நம்பர் என்றார். ராங் நம்பரைக் கண்ணு என்று கூப்பிடுகிற மனுஷனை நான் என்ன செய்வது. கீரையை ஏன் வெட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார், கத்தரி எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு நாளும் அவர் வேண்டுமென்று வெட்டவே இல்லை, உன்னோடு பேசும்போது கை தன் பாட்டுக்கு வெட்டியிருக்கிறது, கடைசியில் இலை சிந்திக் கிடப்பதைப் பார்த்து, கடைப் பழக்கத்தில் பெருக்கி மறைத்திருக்கிறார். நான் தையல்கார அக்காவிடம் சண்டைக்குப் போனபோதும் மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார், சொன்னால் எதற்குத் தோட்டத்தில் நின்றீர்கள் என்று கேட்பேனே என்று.

அதன்பிறகு உன் போட்டோக்களை எல்லாம் முதலிலிருந்து பார்த்தேன். சாய்வு மாறின செடி, பச்சைச் சுவர், உயரத்தில் சின்ன ஜன்னல், கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு கப். எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. சோப்புக் கட்டிக்குள் பொத்தான் மறைத்துக் கொண்டுபோனதைக்கூடக் கண்டுபிடித்தவள் நான், என் பிள்ளை தனியாக வீடு மாறினதைப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது கண்ணு, மறைக்காமல் சொல்கிறேன். மாப்பிள்ளை மேல் வந்தது, அப்பா மேல் வந்தது, உன் மேலும் வந்தது. அப்பாவிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லையா என்று ஒரு நாள் பூராவும் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தால், நான் உன்னைக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் என் காதிலேயே விழுந்தன. எப்போது, ஏன், யார் முதலில் பேசினது, நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார், சாமான் எல்லாம் எங்கே. அடிபட்டு நிற்கிறவளை வாசலில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொல்கிற மாதிரிதான் இருந்திருக்கும். அப்பா என்றால் எதுவும் கேட்காமல் உச்சுக்கொட்டுவார். நீ சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாய்.

ஆனால் என் வேலையைப் பற்றி உனக்கு ஒன்று தெரியாது. ஷிப்ட் முடிந்து வருகிற யார் பையிலும் நான் எடுத்த எடுப்பில் கையை விடமாட்டேன். முதலில் ஏதாவது இருக்கா என்று கேட்பேன். தானாக இருக்கு என்று சொல்லிவிட்டால் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவேன், யாருக்கும் சொல்லமாட்டேன், மறுநாள் முகத்தைப் பார்த்து எப்போதும் போலச் சிரிப்பேன். ஒரு பெண் கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொஞ்சம் துணி எடுத்துக்கொண்டு, பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். பின்னால் வரிசை நின்று சத்தம் போடுகிறது. நான் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவளாகத் திறக்கிற வரைக்கும். கையை விட்டு எடுத்திருந்தால் நொடியில் முடிந்திருக்கும், ஆனால் அவள் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டாள்.

அதனால் உன்னை நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ விட்டு வந்தாயா, விட்டு வரும்படி ஆயிற்றா, அது உன்னிடமே இருக்கட்டும். தெரிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன், இனி மாப்பிள்ளையை நீ குளிப்பாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். யாராவது என்னிடம் வந்து கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. இங்கே உன் ரூமில் அப்பா கடையிலிருந்து வந்த கண்ணாடிகளை அடுக்கி வைத்திருந்தோம், அதையெல்லாம் நேற்று எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டேன். ஜன்னலைத் துடைத்தாயிற்று, நல்ல வெயில் வருகிறது. வா என்று சொல்லவில்லை, அங்கே வேலை இருக்கிறது, உன் இஷ்டம். ரூம் காலியாக இருக்கிறது என்று தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தையல்கார அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கீரை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன், கிராப் வெட்டின கீரைதான், பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் எந்தக் கிராப்பும் தெரியாது. திருடன் யாரென்று சொன்னதும் அவங்க சிரித்த சிரிப்பில் வாயில் வைத்திருந்த ஊசி கீழே விழுந்துவிட்டது. எதற்காக வெட்டினார் என்று நான் சொல்லவில்லை. துணியை மிச்சம் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்காங்க, ஆனால் என்னை அளவெடுக்கும்போது டேப்பைக் கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்தாங்க, இன்னும் மனசில் இருக்கிறது போல.

உன் செடிக்கு வருகிறேன். பாக் சோய்க்கு இடம் மாற்றினால் பிடிக்காது, கோபித்துக்கொண்டு பூத்துவிடும் என்று சொன்னாய். நான் நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுப் பார்த்தேன். வெறும் வேரோடு எடுத்தது செத்தது, கொஞ்சம் பழைய மண்ணோடு எடுத்துவைத்தது இரண்டு நாள் துவண்டு கிடந்துவிட்டு எழுந்துகொண்டது. செடியைத்தான் சொல்கிறேன், அம்மா ஜாடை பேசுகிறாள் என்று நினைக்காதே. உன் தொட்டியில் நீண்டுபோனதற்கு இனி தண்டு பருக்காது, அதை அப்படியே வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிடு, மிச்ச விதையை வெயில் வருகிற இடம் கிடைத்ததும் போடு. என்னுடைய ஒரு செடி பூத்துக் காய்த்திருக்கிறது, விதை எடுத்து வைத்திருக்கிறேன். கவரில் வைத்து அனுப்பலாம், ஆனால் வழியில் எங்கேயாவது என்னைப் போலச் சோதனை போடுகிற ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், உனக்கு எதற்கு வம்பு. பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. உன் தலையில் அப்பா கையும் என் கையும் எப்போதும் இருக்கிறது. கதவுத் தாழ்ப்பாளுக்கு மேலே இன்னொன்று போட்டுக்கொள், இரண்டு இருந்தால் தூக்கம் வரும். இனி அப்பாவோடு பேசுவதென்றால் அவர் கூடத்தில் உட்கார்ந்தே பேசட்டும், நான் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன், கீரையாவது பிழைக்கும்.

இதை எழுதி முடித்து மடித்துக் கவரில் போட்டு ஒட்டப் போகிறேன். பிறகு அப்பாவிடம் கொடுத்து, என் கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறது, விலாசத்தை நீங்களே எழுதித் தபாலில் போட்டுவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பழைய விலாசமா புது விலாசமா என்று முழிப்பார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். எந்த விலாசம் எழுதினார் என்று நான் பார்க்கமாட்டேன். இது உன் கைக்கு வந்திருந்தால் அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒன்றும் கேட்காத உன் அம்மா